குவியலைக் குதிரென்று அளந்த பிழை

கொன்றையாற்று நாடாளும் கோ வல்லிறையன், முளரியூர் ஐயை நங்கையார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஊர் ஏரி நிறைக. உம் இல்லத்து அடுப்பு அணையாதிருக்க. இவ்வாழ்த்தை எழுத எம் கை கூசுகிறது. ஆயினும் வாழ்த்தின்றி ஓலை விடுப்பது எம் குடிக்கு வழக்கமன்று.

உம் கணவரும் எம் களஞ்சியத் தலைவருமான சேந்தன் கூத்தனாரை நெல் திருடியவர் என்று தீர்ப்பிட்டுக் கொல்வித்தோம். அவர் திருடவில்லை. திருட்டே நடக்கவில்லை, அம்மையே.

நெல்லை மரக்காலால் அளப்பதே பழைய முறை. சென்ற தையில் மழைக்கு அஞ்சி, களத்துக் குவியலின் அடியைக் கயிற்றாலும் உயரத்தைக் கோலாலும் அளந்தால் போதும் என்றோம். அதே சுற்றும் அதே உயரமும் உள்ள உருளை வடிவ நெற்குதிர் நிறையும் என்று துணிந்தவர் யாமே. கொட்டியபோது மூன்றில் ஒரு பங்கே ஏறிற்று. எஞ்சிய இரு பங்கு எங்கே என்று அவரைக் கேட்டோம்.

கூம்பிய குவியல் மூன்று சேர்ந்தால்தான் அக்குதிர் நிறையும் என்றும், அதே அகலமும் உயரமும் உள்ள உருண்டையோ அதில் மூன்றில் இரு பங்கு கொள்ளும் என்றும், கலங்கள் செய்து தண்ணீர் ஊற்றிக் காட்ட ஒரு நாள் தவணை வேண்டும் என்றும் அவர் அவையில் விண்ணப்பித்தார். அவை நகைத்தது. யாமும் நகைத்தோம்.

இந்த ஆனியில் குவியலுக்கு யாமே காவல் நின்றோம். ஈ எறும்பும் அணுகவில்லை. ஆயினும் குதிரில் மூன்றில் ஒரு பங்கே ஏறிற்று. குயவரை அழைத்து, ஒரே அகலமும் உயரமுமாகக் கூம்பு, உருண்டை, உருளை என மூன்று கலங்கள் வனையச் செய்தோம். கூம்புக் கலத்தால் மும்முறை ஊற்ற உருளைக் கலம் விளிம்பு தட்டிற்று. அதைக் கவிழ்த்துவிட்டு உருண்டைக் கலத்தால் ஒருமுறையும் கூம்பால் ஒருமுறையும் ஊற்றினோம், அப்போதும் நிறைந்தது. ஊற்றிப் பார்க்க அரை நாழிகைதான் ஆயிற்று. அவர் கேட்டது ஒரு நாள். தரையில் அமர்ந்து அழுதோம். அது உமக்கு எவ்வகையிலும் ஆறுதல் ஆகாது என்றும் அறிவோம்.

ஆதலின் ஆணையிடுகின்றோம்: கொலையுண்ட கள்வரை எறியும் கள்வர் காட்டில் கிடக்கும் அவர் எலும்புகளை, எவ்விடம் கொணர்வது என்று நீவிர் சொல்லும்வரை, எவரும் தீண்டற்க. அவரைக் கள்வர் என்று பறையறைந்த அதே சந்தியில், வரும் முழுமதி நாளில் இவ்வோலை வாசிக்கப்படும். முடியின்றி, குடையின்றி யாம் அங்கு நிற்போம். பொறுத்தருள்க என்று கேட்கமாட்டோம். நீவிர் வரவேண்டும் என்பதும் இல்லை. வந்தால், உம்மைப் பேசாதே என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை, எமக்கும் இல்லை.

எம் கைப்பட எழுதி, எம் இலச்சினை இட்டோம்.