உங்களுக்காகப் பிந்திச் செய்த ஜெபங்கள்

அன்புள்ள அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. மகனுக்கும் மருமகளுக்கும் டியூட்டி. தனியாகத்தான் இருக்கிறேன். பிளேன்டீக்கு இஞ்சி தட்டினேன். அந்த வாசனையோடு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

இந்த வளைகுடா ஊரில், அப்பாசியாவில், இதே ஃபிளாட்டின் ஹாலில்தானே நம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி மெல்லப் பாடுவோம். முடிந்ததும் நீங்கள் இஞ்சி போட்டு டீ ஊற்றுவீர்கள். யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே குடிப்போம்.

ஒரு வாரம், டீ குடிக்கும்போது முதல் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த பழக்கம். சபையார் ஒருவர் கடல் தாண்டிச் சிறையில் கிடக்கிறார், அவருடைய கடிதத்தை ஓர் ஆள் சுமந்து வர மாதக்கணக்காகும், அதற்குள் அவர் இறந்தும் போயிருக்கலாம், அது தெரியாமலே இங்கே தினமும் அவர் பேரைச் சொல்லி ஜெபிப்பார்கள் என்றேன்.

"அப்ப செத்த ஆக்களுக்காகவும் தெரியாமல் ஜெபிச்சிருப்பினம், என்ன ரீச்சர்?" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தோம். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் வழக்கமில்லையே. அந்த ஜெபம் பிறகு என்னாகும் என்று நான் விடாமல் கேட்டேன்.

"வீணாப் போகாது. பக்கத்தில நிக்கிற ஆருக்காவது போய்ச் சேரும்" என்றீர்கள்.

பிறகு உடம்பு முடியாமல் ஊருக்குப் போனீர்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலை முடிந்து கிளம்பினார்கள். நான் மட்டும் இந்த ஹாலில் உட்கார்ந்து உங்கள் சுகத்துக்காக ஜெபித்தேன். போனை நீங்கள் எடுக்காதபோது ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் உங்கள் மகள்தான் கூப்பிட்டாள். அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

"அம்மா ஒவ்வொரு நாளும் உங்கட பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறவ" என்றாள்.

இனி என் பேரைச் சொல்ல யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்றும் ஜெபத்தில் உங்கள் பேர் நாக்கில் வந்தது. நிறுத்தினேன். பிறகு, அக்காவுக்கு வலி குறையட்டும் என்று முழுதாகவே சொல்லி முடித்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த கட்டிலில் இப்போது வேறொருத்தி இருப்பாள். அவளுக்குப் போகட்டும்.

எங்கோ ஒருவர், செய்தி எட்டாமல், இறந்துபோன ஒருவருக்காக இந்நேரம் ஜெபித்துக்கொண்டிருக்கலாம். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், அக்கா.