பவானி அக்கா போட்ட கையெழுத்து

மார்ச் 11, திங்கள்

காலையில் குளிர். பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. கறுப்புக் கோட்டை லோண்டரியில் எடுக்க மறந்துபோய், அலுவலகத்து ஜூனியர் பெண்ணின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கை இரண்டும் முழங்கைக்குக் கிட்டவே நின்றுவிட்டன. நீதிபதி சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

மத்தியானம் சும்மா இருந்தபோது, போன மாதச் சம்பளம் எங்கே போனது என்று எழுதிப் பார்த்தேன்.

வங்கித் தவணை: பாதிக்கு மேல்
வரி: இதைப் பற்றி எழுதினால் கோபம் வரும்
அறை வாடகை, சாப்பாடு, பஸ்
வீட்டுக்கு
சேலை ஒன்று (தேவையில்லை. ஆனால் நல்ல சேலை)
மிச்சம்: இருக்க வேண்டும். காணோம்.

ஊரில் நான் பணக்காரி. ஹுன்னஸ்கிரிய பஸ் கண்டக்டருக்குக்கூட என் சம்பளம் தெரியும், அப்பாவின் உபயம். அவர் சொல்லித் திரிகிற தொகை சரியான தொகைதான், அதுதான் கொடுமை. அவ்வளவும் வருகிறது. வந்த சூட்டோடு போய்விடுகிறது.

பின்னேரம் ப.அ. ஃபோன். பவானி அக்கா. பள்ளியில் உயர்தரம் படித்த காலத்தில் கண்டி கட்டுக்கலையில் அவர் வீட்டில்தான் போர்டிங் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்கு வந்து கண்டியோடேயே நின்றுவிட்டவர். சட்டம் படிக்க லண்டன் போகக் கடன் கேட்டபோது, நிரந்தர அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றது வங்கி. அப்போது எங்கள் சாதிசனத்தில் அப்படி ஒரு ஆள் கிடையாது. அக்கா டியூட்டி உடுப்போடு வந்து, வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்கு ஓடினார்.

இன்றைக்குச் சொன்னார்: “சரோ, நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டைச் சொந்தக்காரர் விக்கப் போறாராம். முதல்ல எங்களைத்தான் கேட்டவர். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லோணும். பாங்கில போய்க் கடன் கேட்டனான். உன்ர கடனுக்கு என்ர பேர் நிக்குதாம். அது கிடக்கும் மட்டும் எனக்குத் தர ஏலாதாம்.”

மத்தியானம் எழுதிய கணக்கில் ‘மிச்சம்’ என்ற வரியைப் பார்த்தேன்.

“உன்னைக் குறை சொல்லேல்லைப் பிள்ளை. என்ன செய்யலாம் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பார்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

எங்கள் சட்ட அலுவலகத்துப் பார்ட்னர் கூப்பிட்டார். போன வாரம் வாயால் சொன்னதை இன்று தாளில் தந்தார். விஷயம் இதுதான்: என் வங்கிக் கடன் முழுவதையும் அலுவலகம் ஒரேயடியாகக் கட்டும். பதிலுக்கு நான் ஏழு வருடம் இங்கேயே. சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பார்கள், வட்டி கிடையாது. நடுவில் போனால் மிச்சத் தொகையை அன்றைக்கே வைக்க வேண்டும். அதோடு இரண்டு வருடத்துக்குக் கண்டி, தெல்தெனிய என்று மாவட்டத்தின் எந்தக் கோர்ட்டிலும் தொழில் செய்யவும் கூடாது.

“யோசிங்க” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். வருகிற ஆள் எல்லாருக்கும் அதையே சொல்வார்.

யாராவது இந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? போடாதீர்கள், எழும்பிப் போங்கள் என்று சொல்லி, அதற்கு ஃபீஸும் வாங்கியிருப்பேன். ஆனால் வட்டி இல்லையே. வட்டி இல்லை என்கிற ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

வேலை பிடிக்கவில்லையா என்றால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வில்லா கட்டுகிறவர்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் பார்த்துக் கொடுக்கிறேன். நன்றாகவே பார்க்கிறேன். ஒரு பழைய உறுதியில் ஓட்டை கண்டுபிடிக்கிற நாளில் சந்தோஷமாகக்கூட இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஏழு வருடம் என்றதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். முடியும்போது நாற்பது வயது.

இன்னொன்று. யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. கல்யாணம்? கடன் முடியட்டும். கார் ஓட்டப் பழகினால் என்ன? கடன் முடியட்டும். இப்படியே இருக்கப் போகிறாயா? அதற்கும் அதே. நாளைக்கே முடிந்துபோனால் என்ன சொல்வேன்? பயமாக இருந்தது.

சாப்பாடு: பேக்கரிப் பாண், பருப்பு. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 14, வியாழன்

வங்கிக்குப் போனேன். பிணையாளரை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாமாம், வேறொரு நிரந்தர அரசாங்க உத்தியோகத்தரைக் கூட்டி வந்தால். கவுண்டர் பெண் மிக மரியாதையாகப் பேசினாள். “மிஸ் லோயர்தானே, உங்களுக்குத் தெரியாததா?” தெரியாது. வட்டி எகிறிய வருடம் வங்கி என் தவணையைக் கூட்டவில்லை, தவணைக் காலத்தைக் கூட்டியது. அப்போது அது பெரிய உபகாரம் மாதிரி இருந்தது. ஐந்து வருடக் கடன் பத்தாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா தூங்க மாட்டார் என்று நினைத்தேன்.

அத்தை மகன் இப்போது கம்பளையில் அரசாங்கப் பள்ளி டீச்சர். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஃபோன் எடுத்தேன்.

“ஐயோ, தாராளமா! ஒனக்கு செய்யாம யாருக்கு செய்யப் போறேன்?”

“அப்ப திங்கக்கெழமை வர முடியுமா?”

“வரலாம்... வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேனே.”

பின்னேரம் மெசேஜ்: வீட்டில் வேண்டாம் என்கிறார்களாம், தப்பாக நினைக்கக் கூடாதாம். கூடவே கும்பிடுகிற கை மூன்று. தப்பாக நினைக்கவில்லை. அவன் மனைவியிடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். பவானி அக்கா ஏன் அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை?

லோண்டரிக்காரர் கோட்டுக்குப் பதிலாக யாருடையதோ ஒரு வெள்ளைச் சேலையைக் கட்டித் தந்துவிட்டார். நாளைக்குப் போய்ச் சண்டை போட வேண்டும்.

மார்ச் 16, சனி

தெல்தெனியவில் காணி பார்க்கப் போய் வந்தேன். வாங்குகிறவர் வெள்ளைக்காரர், விற்கிறவர் நீர்த்தேக்கம் கட்டியபோது முழுகிப்போன பழைய ஊரைச் சேர்ந்தவரின் மகன். எல்லையைக் காட்டச் சொன்னால் தண்ணீரைக் காட்டுகிறார். செருப்பு அறுந்துபோனது.

பஸ்ஸில் திரும்பும்போது ப.அ. ஃபோன். குரல் ஒரு மாதிரி.

“சரோ, உன்ர அப்பா வீட்டை வந்தவர். கோயில் தேர் நோட்டீஸ் தந்திட்டுப் போறார்.”

“எதுக்கு அக்கா?”

“தேர் உபயம் நீதானாமே. கடன் எல்லாம் கட்டி முடிஞ்சுதாம், அந்த நேர்த்தியாம். நான் ஒண்டும் சொல்லேல்லை. அந்த மனிசன்ர முகத்தைப் பாத்திட்டு எப்பிடிச் சொல்லுறது? தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பினனான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எந்த உபயமும் எடுக்கவில்லை. அக்கா நம்புகிறாரா? வீட்டுக் கடனுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டுத் தேர் இழுக்கிறேன் என்று நினைத்திருப்பாரா? நினைத்தால்தான் என்ன தப்பு? பஸ் திகன ஊரைத் தாண்டியதும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலைத் திறந்துவிட்டாள், வாந்தி வருகிறது என்று நினைத்து.

மார்ச் 17, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ஊருக்கு, ஹுன்னஸ்கிரிய. மேலே ஏற ஏற ஒரே மூடுபனி. அப்பா தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்னும் வளைவு வந்தால் காலால் பிரேக் அமுக்குவார். நான் போனபோது நோட்டீஸ் கட்டை மடித்துக்கொண்டிருந்தார். தேர்த் திருவிழா உபயம், சட்டத்தரணி செல்வி என்று தொடங்கி என் முழுப் பெயரும் கொட்டை எழுத்தில். உபயமா, மாப்பிள்ளை விளம்பரமா தெரியவில்லை. அம்மன் பெயர் அதைவிடச் சின்னது.

“என்னாப்பா இது?”

“நேத்தி மா. நீ லண்டன் போனன்னைக்கு வேண்டிக்கிட்டேன். புள்ள படிச்சி வந்து கடன கட்டி முடிச்சா தேரு எங்க வீட்டு உபயம்னு. அஞ்சு வருசம்னுதான சொன்ன? அஞ்சும் முடிஞ்சி மேலயும் போயிருச்சி. நீயா சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். ஒனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் கூச்சமாச்சே.”

“காசு?”

“மாட்ட வித்துட்டேன். எனக்கு எதுக்கு அது, முட்டி வலியோட?”

அம்மா அடுப்படியிலிருந்து, “கன்னுக்குட்டியையும் சேத்துல்ல ஓட்டி விட்டுட்டாரு” என்றாள்.

“பவானி அக்கா வீட்டுக்கு ஏன் போனீங்க?”

“நல்லா இருக்கே! மொத நோட்டீஸ் அவங்களுக்குத்தான குடுக்கணும்? அவங்க கையெழுத்து போடலன்னா நீ எங்க வக்கீலு? வெத்தல பாக்கு வச்சி குடுத்தேன். இனிமே எங்களால ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லம்மான்னு சொன்னேன். பாவம், அந்தம்மா அழுதுட்டாங்க.”

அவர் முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“என்னா மா?”

“தேர் எத்தன மணிக்கு?”

கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. கோர்ட்டில் எதிர்த்தரப்பை நார் நாராகக் கிழிக்கிறேன் என்று சொல்கிறார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

லோண்டரிக்காரர் கோட்டைத் தந்தார். வெள்ளைச் சேலைக்காரி இன்னும் வரவில்லையாம்.

ஒரே தலைவலி. போட்டால் ஏழு வருடம். போடாவிட்டால் அக்காவுக்கு வீடு போகும், அப்பாவின் நேர்த்தி பொய்யாகும். அப்பாவின் நேர்த்தி என் பிரச்சினையா? நான் கேட்டேனா? இல்லை. ஆனால் அக்காவின் கையெழுத்தை நான்தான் கேட்டேன். எதை முன்னால் வைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

மார்ச் 20, புதன்

போட்டுவிட்டேன்.

பார்ட்னர் கை கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம். எல்லாப் பக்கத்தையும் வாசித்தேன், இரண்டு இடத்தில் எழுத்துப் பிழைகூடத் திருத்திக் கொடுத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு கீழே போய் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். நிம்மதியா, துக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பல் கூசியது.

மார்ச் 22, வெள்ளி

வங்கி கடன் கணக்கை மூடியது. பிணை விடுவித்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். ப.அ. வார்டு வாசலில் நின்று வாசித்தார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக.

“உண்மையாவே முடிஞ்சுதோ?”

“வங்கியில முடிஞ்சிருச்சு அக்கா.”

கடிதத்தை மடித்தார். “வக்கீல் மாதிரிக் கதைக்காத. எங்கால காசு?”

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏழு வருசமோ? விசரே உனக்கு? வீடு என்ன, வேற வீடு பாக்கலாம். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனியே?” ஒரு நோயாளி கூப்பிட்டார். போனார், திரும்பி வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் பையில் வைத்தார். திருப்பித் தரவில்லை. தரக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். தந்துவிட மாட்டாரா என்றும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. என்ன பிறவி நான்.

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“ஞாயிற்றுக்கெழம சொல்லுவேன்.”

மார்ச் 24, ஞாயிறு. போயா (பௌர்ணமி)

தேர். வெயில், சனம், நாதஸ்வரக்காரர் இருமிக்கொண்டே ஊதுகிறார். ப.அ. டியூட்டி, வர முடியவில்லை. எனக்கு மாலை போட்டார்கள், அப்பாவுக்குப் பொன்னாடை. கோயில் தலைவர் மைக்கில் என் சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்.

பூசை முடிவதற்குள் சொல்லிவிடுவது என்று அப்பாவைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் மா. கோவிச்சுக்காத. அந்த ஆபிசு ஒனக்கு புடிக்கலன்னு எனக்கு தெரியும். வீட்டுக்கு வந்தா சிரிக்கிறியா நீ? கடனுக்காக பல்ல கடிச்சிக்கிட்டு கெடந்த. அதான் முடிஞ்சிருச்சே, இனி யாரு ஒன்ன கேக்கப் போறா? தெல்தெனியவுல கோட்டுக்கு எதித்தாப்ல, நீ சொந்தமா ஆபிசு போட ஒரு ரூம்பு பாத்திருக்கேன். மாட்டுக் காசுல மிச்சம் இருந்திச்சி. அட்வான்ஸ் குடுத்துட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

மைக்கில் என் பெயரைச் சொல்லி வடம் பிடிக்கக் கூப்பிட்டார்கள். “வா, வா, சாமி காத்திருக்கு” என்று அப்பா தோளைத் தொட்டுத் தள்ளினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வடத்தைப் பிடித்தேன்.

இன்னும் சொல்லவில்லை.