கோலிக்குண்டு வயிறு

ஐப்பசி 8, சனி

விட்டு விட்டு மழை. துணி காயவில்லை. ரேஷன் கடை போகவில்லை.

பேரன் செந்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், போன மாதம் சம்பள உயர்வு. பெரிய பேத்தி கோமதி பி.காம்., முதல் வகுப்பு, இப்போது நிறைமாதம். சின்னவள் யாழினி கிராம நர்ஸ் படிப்பு, வகுப்பில் இரண்டாவது. மூன்று பேருக்கும் பிறந்தவுடன் சேனை வைத்தது என் விரல்தான். சர்க்கரைத் தண்ணீர், நாக்கில் ஒரு தொடல். கோமதி பிள்ளைக்கும் நான்தான்.

யாழினி லீவில் வந்திருக்கிறாள். பையில் பனியன் வேஸ்ட் துணியில் தைத்த ஒரு பொம்மைக் குழந்தை. கூடவே உருண்டையாக ஒன்று.

"இது என்ன கண்ணு, பந்தா?"

"மாருங்க அப்பாயி. பால் குடுக்கறது எப்படின்னு தாய்மாருக்குக் காட்டோணும்."

"இத்தனை உருண்டையா யாருக்கு இருக்குது?"

மருமகள் ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். வடகம் போட்டேன்.

யாழினிக்குப் பரீட்சை வருகிறது. பிள்ளை பெற்றவள் வீட்டுக்குப் போய் அவள் மாமியாரிடம் பேசிக் காட்ட வேண்டுமாம். நான் மாமியாராக உட்கார்ந்தேன்.

"சேனை வெக்கக் கூடாதுங்க."

"மூணு பேருக்கு வெச்சேன். எவன் கெட்டுப் போனான்?"

அவள் முகம் தொங்கிவிட்டது. "கூடாதுன்னு ஆரம்பிக்காதே, எதுக்குன்னு கேளுன்னு மேடம் சொன்னாங்க, மறந்துட்டேன்." மறுபடி வாசலில் இருந்து வந்தாள்.

"எதுக்குங்க வெக்கறீங்க?"

"வெச்சவங்க குணம் வரும்னு."

"அம்மா குணம் வேண்டாமாங்க?"

வடகத்தில் காக்கை விரட்ட எழுந்தேன்.

பிறந்த பிள்ளை வயிறு கோலிக்குண்டு அளவுதானாம். சர்க்கரைத் தண்ணீரே ரொப்பிவிட்டால் சீம்பாலுக்கு ஏது இடம் என்றாள். அந்த மஞ்சள் பாலை நாங்கள் பீச்சிக் கொட்டினோமே. ஏன் மஞ்சள்? கேட்க மறந்தேன். செந்திலின் பழைய டப்பாவில் கோலிக்குண்டு தேடி எடுத்தேன். இத்தனை சின்னதா! சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் சேனை வைக்காமல் எப்படி?

ஐப்பசி 14, வெள்ளி

விடியலில் கோமதிக்குப் பெண் குழந்தை. பெரியாஸ்பத்திரி. நல்ல நிறம், என் மூக்கு.

கோமதியின் மாமியார் வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். "ஏனுங்கம்மா, பெரியவங்க நீங்கதான் வெக்கோணும்."

எல்லோர் கண்ணும் என் விரலில். யாழினி கதவோரம். என்னைப் பார்த்தபடி நின்றாள்.

"எதுக்குங்க வெக்கறோம்?" என்றேன்.

"இதென்ன கேள்விங்க, உங்க குணம் வரட்டும்னுதான்."

"என் குணம் மெதுவா வரட்டும். மொதல்ல அவங்கம்மா பாலு." கோலிக்குண்டை எடுத்துக் காட்டினேன். "வயிறு இத்தனூண்டுதானுங்க."

வாங்கி உருட்டிப் பார்த்தார். "நெசமாவா? அப்ப இந்தச் சர்க்கரையை என்ன பண்றது?"

"நீங்க நாக்கை நீட்டுங்க."

வார்டே சிரித்தது. யாழினி குழந்தையைத் தூக்கிக் கோமதி மாரில் வைத்தாள், பொம்மையை வைத்தது போலவே. பிடித்துக்கொண்டது.

விரலுக்கு வேலையில்லை. வீடு வரும்வரை அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஐப்பசி 16, ஞாயிறு

மேகமூட்டம். யாழினி ஹாஸ்டல் போய்விட்டாள். மஞ்சள் ஏன் என்று இன்னும் கேட்கவில்லை.

சுவரில் எல்லோர் படமும் புதிது. யாழினிதான் இன்னும் ரெட்டைச் சடையில், பள்ளிக்கூட உடுப்பில். நர்ஸ் யூனிபாரத்தில், அந்தப் பனியன் பொம்மையையும் கையில் வைத்து ஒரு படம் எடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும். ஃபோனில் வேண்டாம், ஆணியில் மாட்ட முடியாது.