இந்த பிளாக் தாங்காது

786
கோயம்புத்தூர்
8.1.2025

அன்புள்ள மெஹ்ருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தம்பி அயானும் நலம். உன் நலத்துக்கு துஆ கேட்டபடியே எழுதுகிறேன். என் நம்பரை நீ தடுத்துவைத்து நாலு மாதம் ஆகிறது. "சொல்றதிருந்தா எழுதுங்க, உங்க குரலைக் கேட்டா நான் இளகிடுவேன்" என்று கடைசியாகச் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. இது நம் சண்டையைப் பற்றியது இல்லை. அயானைப் பற்றியது.

எஞ்சினின் உடம்பை, சிலிண்டர்கள் உட்கார்ந்திருக்கும் அந்த வார்ப்பு இரும்பைத்தான் பிளாக் என்போம். நேர்கோட்டில் சீறிப் பாயும் எங்கள் டிராக் ரேஸ் காரில் இருப்பது, ஜப்பானில் குடும்பத்தோடு ஊர் போகிற காருக்காக வார்த்த பிளாக். முந்நூறு குதிரைசக்திக்கு மேல் அதை வார்த்தவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பெரிய டர்போ போட்டு ஆயிரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். கார் முதலாளி சக்கரபாணி, பிப்ரவரி ஒன்பதாம் தேதி போட்டிக்கு ஆயிரத்து இருநூறு கேட்கிறார். அத்தனை சக்தியைத் தாங்க, ஒரே உலோகக் கட்டியில் குடைந்து எடுத்த பிளாக் வெளிநாட்டில் கிடைக்கிறது. ஆனால் அவர் இறங்கும் பிரிவில் கம்பெனி பிளாக்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பிரிவின் சாதனைதான் அவருக்கு வேண்டும்.

பிளாக் உடைந்தால் கார் ஓரமாய் நின்றுவிடும் என்று நினைக்காதே. உள்ளே சுற்றுகிற இரும்பு பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கொதிக்கிற ஆயில் பின் டயருக்கு அடியில் கொட்டும். இருநூற்றைம்பது வேகத்தில் அதன்மேல் டயர் ஏறினால், உள்ளே இருப்பவன் கையில் ஸ்டீயரிங் இருந்தும் பயனில்லை. உள்ளே இருக்கப்போவது நம் அயான்.

நான் சொன்னால் சிரிக்கிறான். நீ சொன்னால் கேட்பான். இறங்க வேண்டாம் என்று சொல், மெஹ்ரு.

உன்
மொஹ்சின்

*

786
திருவண்ணாமலை
13.1.2025

அன்புக் கணவருக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. இன்று பௌர்ணமி, பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்கால் ஆபீசிலிருந்து கூட்டத்தில் இடிபட்டு நடந்தே வந்து, கால் வலியோடு எழுதுகிறேன். எழுத்தில் காரம் தெரிந்தால் கால் மேல் பழி போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணூறில் உடையும் என்று நம் அடுப்படியில் நின்று சொன்னீர்கள். உடையவில்லை. தொள்ளாயிரத்தில் நிச்சயம் என்றீர்கள். அதுவும் போயிற்று. ஆயிரம் என்றபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு அயான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போட்டோ அனுப்பினான். இப்போது ஆயிரத்து இருநூறு என்கிறீர்கள். நான் எத்தனை முறைதான் பயப்படுவது?

அவனிடம் போனில் கேட்டேன். "மச்சானுக்கு வேற வேலை இல்லக்கா. அவரு சொன்ன நம்பரையெல்லாம் தாண்டியாச்சு. அவரு பயத்தை விட ஜாஸ்தி தாங்குது பிளாக்கு"ன்னான். அவன் சொல்வதில் என்ன தப்பு?

அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அதன் பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டது என் கை. மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று அழைத்துப் போனீர்கள். அந்த சீட்டில் அவனை உட்காரவைத்ததை அவன் அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். வைத்தவர் நீங்கள். இறக்கிவிடச் சொல்லி என்னிடம் வருகிறீர்கள். வீட்டுக்குத் திரும்பி வர ஒரு சாக்கு வேண்டுமானால் வேறு சாக்கு பாருங்கள். என் தம்பி உயிரை அதற்கு எடுக்காதீர்கள்.

கோயம்புத்தூரில் குளிர் ஜாஸ்தி என்று டிவியில் சொன்னார்கள். ஷெட்டில் வெறும் தரையில் படுக்காதீர்கள்.

மெஹ்ருன்னிசா

*

786
கோயம்புத்தூர்
18.1.2025

அன்புள்ள மெஹ்ருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எழுதியது அத்தனையும் உண்மை. நான் சொன்ன நம்பர் எதிலும் அது உடையவில்லை. அதனால்தான் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. கயிறு அறுவதற்கு முன் நார் நாராகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். இந்த இரும்பு அப்படி இல்லை. உடைகிற நிமிஷம் வரைக்கும் புதுசு போலவே இருக்கும். ஒவ்வொரு முறை தாங்கும்போதும் என் சொல்லின் மதிப்புத்தான் கம்மியானது.

ஆனால் இந்த முறை நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். போன வாரம் எஞ்சினைக் கழற்றினேன். அடியில் சுற்றும் கிராங்க் தண்டைப் பிடித்து நிற்கும் கனமான மூடிகள் பிளாக்கோடு ஒட்டி அசையாமல் இருக்க வேண்டும். அவை உட்காரும் இடத்தில் கருப்பாக, மை போலப் பொடி படிந்திருந்தது. இரும்பும் இரும்பும் உரசினால்தான் அந்தப் பொடி வரும். அதாவது, ஓடும்போது பிளாக் நெளிகிறது. சக்கரபாணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் துணியால் துடைத்தார். "துடைச்சா போவுது பாய், இதுக்கா பயந்தீங்க?" என்றார். அயான் பக்கத்தில் நின்று சிரித்தான்.

வற்புறுத்தி அந்த பிளாக்கை ஒதுக்கவைத்தேன். வேறொன்று வந்தது. சிலிண்டர் சுவர் விரியாமல் இருக்க, தண்ணீர் ஓடும் இடத்தில் பாதிக்கு சிமென்ட் போன்ற கலவையை ஊற்றுவது எங்கள் வழக்கம். மூடிகளையும் மேலே ஒரு தடிமனான தகட்டையும் முறுக்கிவைத்து ஊற்றி, இறுகின பிறகுதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். இறுகும்போது அது சுவரை ஒரு பக்கம் தள்ளும் என்பதற்காக இந்த வரிசை. நான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில், முதலாளியின் அவசரத்துக்குப் பயந்து உதவியாள் சக்திவேல் கடைந்து முடித்த பிளாக்கில் கலவையை ஊற்றிவிட்டான். திரும்பி வந்து அளந்தால் சிலிண்டர் வட்டமாக இல்லை. மறுபடி கடைந்தால் சுவர் இன்னும் மெலிந்துபோகும். வேறு பிளாக் வரவழைக்க நாளில்லையாம். இதையே பூட்டச் சொல்கிறார் சக்கரபாணி.

போட்டி நடத்துகிறவர்களிடம் போனேன். பெல்ட், ஹெல்மெட், டிரைவரைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூண்டு பார்ப்பார்களாம். எஞ்சின் உள்ளே இருப்பது கார்க்காரர் பொறுப்பாம். வேலையை விடுகிறேன் என்று சக்கரபாணியிடம் சொன்னேன். "போங்க, சக்திவேல் முடிச்சிடுவான்"னார். நான் போனால் உன் தம்பியின் பக்கத்தில் நிற்க ஒருவனும் இல்லை.

வீட்டுக்கு வர இது சாக்கு இல்லை. என்னை எப்போதும் சேர்க்காதே, சம்மதம். அவனை மட்டும் இறக்கு. உன் காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள்.

மொஹ்சின்

*

786
திருவண்ணாமலை
25.1.2025

அன்புள்ளவருக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். "காலைப் பிடித்து" என்று நீங்கள் எழுதி இதுவரை நான் பார்த்ததில்லை. நம்புகிறேன்.

அன்றைக்கே அயானைக் கூப்பிட்டேன். கெஞ்சினேன். அழுதேன். "ஒரே ஒரு ரேஸ்க்கா. இதுல ஜெயிச்சா என் பேரு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நீ சொல்றதைக் கேக்கறேன்"ன்னான். மச்சான் சொன்ன கருப்புப் பொடி என்னாச்சுடா என்றேன். "அது அழுக்குக்கா"ன்னு வைத்துவிட்டான். அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உங்களுக்கு நான் செய்ததை எனக்கு அவன் செய்கிறான்.

ஆபீசில் கூட உட்காரும் ரேவதி, நேரில் போய் இழுத்துக்கொண்டு வா என்கிறாள். இருபத்து மூன்று வயது ஆளை எப்படி இழுப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே வழி. பொய் சொல்லப்போகிறேன். வயிற்றில் கட்டி, எட்டாம் தேதி ஆபரேஷன், கையெழுத்துப் போட நீதான் வரணும் என்று மெசேஜ் அனுப்பப்போகிறேன். அம்மா ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராததை அவன் மறக்கவில்லை. அந்த இடத்தில் கைவைக்கிறோமே என்று நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும். வேறு வழி தெரிந்தால் உடனே எழுதுங்கள். தெரியாவிட்டால், அவன் உங்களிடம் கேட்கும்போது முகத்தைக் காட்டிக்கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பொய் வராது.

போட்டி முடியும் வரை அவனை இங்கேயே பிடித்துவைக்கிறேன். பிறகு அடிக்கட்டும், திட்டட்டும்.

மெஹ்ரு

*

786
கோயம்புத்தூர், அப்துல் அறை
8.2.2025, சனி மாலை

என் மெஹ்ருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அயான் வந்து சேர்ந்திருப்பான். வியாழக்கிழமை பஸ் ஏறும்போது கண் கலங்கியிருந்தது. "அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல மச்சான்?" என்று கேட்டான். ஆகாதுடா என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

அவன் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே சக்கரபாணி இனியன் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார். அயானை விடச் சின்னவன். சீட்டை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான். போன் வந்தது, "சாப்பிட்டேன்க்கா, தொந்தரவு பண்ணாத" என்று சொல்லி வைத்தான். அவனுக்கும் ஓர் அக்கா இருக்கிறாள், மெஹ்ரு. இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

இன்று காலை காரை டைனோவில் ஏற்றினோம். கார் நின்ற இடத்திலேயே நிற்க, சக்கரம் உருளைமேல் சுற்றும்; சக்தியை அளக்கலாம். நான் வேண்டுமென்றே டர்போவின் காற்றழுத்தத்தை, அந்த பூஸ்ட்டை, அளவுக்கு மேல் ஏற்றினேன். இங்கேயே எல்லார் கண் முன்னால் உடையட்டும், யாருக்கும் அடிபடாமல் போகட்டும் என்று. மறுபடியும் ஏற்றினேன். ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது. அது உடையவில்லை. ஆயிரத்து இருநூற்றைத் தாண்டிக் காட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். சக்கரபாணி என்னைக் கட்டிப்பிடித்து, "பாய், உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்"னார்.

அப்போது எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை தாங்குமோ? நாளைக்கும் தாங்கிவிட்டால்? இன்னும் எத்தனை ஓட்டத்துக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றில் அந்தப் பையனை உட்காரவைக்க என் கையால்தான் போல்ட் முறுக்க வேண்டியிருந்தது.

எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள். நான் வரவில்லை என்றேன். சம்மட்டியை எடுத்து பிளாக்கின் பக்கச் சுவரில் அடித்தேன். ஆயிரத்து இருநூறு குதிரையைத் தாங்கினது, வெளியிலிருந்து விழுந்த அடியைத் தாங்கவில்லை. விரிசல் விட்ட பிறகும் அடித்தேன். யாரும் ஒட்டவைத்து ஓட்டிவிடக் கூடாது என்று, கை மரத்துப்போகும் வரை அடித்தேன். நான் கட்டின எஞ்சின் அது. சொல்லக் கூடாது, நன்றாகக் கட்டியிருந்தேன்.

திரும்பி வந்ததும் சக்திவேல்தான் முதலில் பார்த்தான். உட்கார்ந்து அழுதான். சக்கரபாணி என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். இனி இந்த ஊரில் ஒரு ஷெட்டும் என்னை உள்ளே விடாது. இனியன் வெறித்துப் பார்த்தான், பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி. முழுசாக நடந்து பஸ் ஏறிப் போனான். அது போதும்.

எனக்கு இப்போது வேலை இல்லை, இடம் இல்லை. வீட்டுக்கு வரட்டுமா? அன்றைக்கு சேர்க்காதே என்று எழுதினேன். இன்று அப்படி எழுத முடியவில்லை. ஒரு வரி போதும். வா என்று எழுது. அதுவரை சிநேகிதர் அப்துல் அறையில்தான் இருப்பேன்.

உன்
மொஹ்சின்

*

786
திருவண்ணாமலை
13.2.2025

என் அன்புக் கணவருக்கு,

வ அலைக்கும் ஸலாம். நேற்று ஆபீசுக்குப் போகும் வழியில் தபால்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஆபீஸ் கழிப்பறையில் நின்று படித்தேன். உங்கள் கைகள் எப்படி இருக்கின்றன? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அப்துலிடம் சொல்லுங்கள், செய்வார்.

அயான் வந்து இறங்கியபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எட்டாம் தேதி காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று அவன் சொன்னபோது, இனியும் பொய் தாங்காது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தவன் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு சக்கரபாணி போன் பண்ணி, நீங்கள் செய்ததைச் சொன்னார். நாம் இரண்டு பேரும் பேசிவைத்து அவன் வாழ்க்கையை உடைத்தோம் என்கிறான். "டைனோல தாங்குச்சுக்கா. ரோட்டுலயும் தாங்கியிருக்கும். எனக்குத் தெரியும்"னு திரும்பத் திரும்பச் சொல்கிறான். இல்லை என்று அவனிடம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? உடைந்த பிளாக் கூட உங்கள் சம்மட்டியால்தான் உடைந்தது.

சக்கரபாணி வேறு பிளாக் வரவழைக்கிறாராம். ஏப்ரலில் அடுத்த போட்டி. இவனுக்காக சீட் காலியாக இருக்கிறதாம். போகாதே என்று காலில் விழுந்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "மச்சான் இந்த வூட்டுக்குள்ள வந்தா அன்னிக்கே நான் கோயம்புத்தூர் போயிடுவேன். அவரு வராத வரைக்கும் இங்க இருக்கேன்" என்றான். குர்ஆன் மேல் கைவைத்துச் சொன்னான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

என்னங்க, நீங்கள் கேட்ட ஒரு வரியை நேற்றிலிருந்து மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். என்னால் அனுப்ப முடியவில்லை. நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். உங்களை விட நல்ல மனுஷர் எனக்குக் கிடைக்க மாட்டார் என்றும் தெரியும். ஆனால் வராதீர்கள். நீங்கள் இங்கே வந்தால் அவன் அங்கே போய் உட்காருவான். கீழ்பென்னாத்தூரில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டு வாங்கியிருக்கிறேன், அவனுக்கு. இன்று காலை முறைத்துக்கொண்டே அங்கே போனான். போகும்போது கதவை அறைந்து சாத்தினான். அந்தச் சத்தம் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்.

எங்காவது நல்லபடியாக இருங்கள். ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கேட்பேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். வீட்டுக்கு வரும் கடிதத்தை முதலில் எடுத்துப் பார்ப்பது இப்போது அவன்தான்.

உங்கள்
மெஹ்ரு