பந்து இல்லாத பக்கம்

நேற்றைய மழையில் நம் தோல் மெத்தை நன்றாக நனைந்துவிட்டது. காலையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அதை விரித்துப் போட்டேன். வெயில் ஏற ஏற அந்த வாசனை கிளம்பியது. பதனிட்ட ஆட்டுத்தோலும் ஈரமும் கலந்த வாசனை. பேகம்பூரில் உன் தோல் கிடங்குக்குள் கால் வைத்ததும் வருமே, அதேதான். துணி காயப்போட வந்த என் மருமகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மாமா, இது இன்னும் எம்புட்டு நேரம் காயணும்?" என்று கேட்டாள். "செத்த நேரம்தாம்மா" என்றேன். வெயில் சாயும்வரை நானும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியது சேர்ந்துபோயிருந்தது.

ஸ்டேடியத்தின் சிமென்ட் படிகள் சுடுகின்றன என்று நான் முணுமுணுத்த ஒரு கோடையில், வெட்டி மிஞ்சிய துண்டுத்தோல்களைச் சேர்த்து நீ தைக்கச் சொன்ன மெத்தை இது. இரண்டு பேர் உட்காரும் அகலம் என்றுதான் சொன்னாய். உன் உடம்பு போக எனக்குக் கிடைத்தது ஓரம்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் மனைவி இதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்கண்ணே. இங்க இத விரிக்க ஆளில்ல" என்றார். இப்போது முழு மெத்தையும் எனக்குத்தான். ஆனால் வலது ஓரத்தைத் தாண்டி உட்கார உடம்பு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

நம் ஊர்க் கால்பந்து அணி சம்பளம் கொடுத்து ஆட்களை எடுத்து ஆடத் தொடங்கிய முதல் வருடம் உனக்கு நினைவிருக்கும். ஒரு கோல் எப்படி விழுந்தது என்று வீடு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம். இருவரும் பந்தை மட்டுமே பார்த்திருந்தோம், இருவருக்கும் தெரிந்தது ஒன்றே, தெரியாததும் ஒன்றே. மணிக்கூண்டு அருகில் நின்று நீ சொன்னாய்: "ரெண்டு பேரும் ஒரே எடத்தப் பாக்குறதுக்கு எதுக்குலே ரெண்டு டிக்கெட்டு?" மறு ஆட்டத்திலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். பந்து உன் பொறுப்பு. பந்து இல்லாத இடமெல்லாம் என் பொறுப்பு. எவன் ஓடி வருகிறான், எவன் நின்றுவிட்டான், எவன் எவனுடைய இடத்தை அடைக்கிறான் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கோல் விழுந்தால் எனக்குக் காதில்தான் கேட்கும். நம் கோல் என்றால் கேலரி அலறும். எதிரணியின் கோல் என்றால் ஒரு நொடி அமைதி, பிறகு வசவு. எப்படி விழுந்தது என்று நீ சொல்வாய். ஏன் விழுந்தது என்று நான் சொல்வேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தேனா என்று தெரியவில்லை.

சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் முடிந்ததும் ஸ்டேடியம் வாசல் டீக்கடையில் கூடும் பழக்கமும் அப்படியேதான் இருக்கிறது. அணியின் செயலாளர் வருவார். கேலரியின் நிரந்தரவாசிகள் ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வேண்டும்: யார் தேறுவார், யார் தேறமாட்டார், இந்த வருடம் அணி எங்கே போய் நிற்கும். கூட்டத்தில் எனக்கு வாய் எழும்பாது. நான் உன் பக்கம் சாய்ந்து காதில் சொல்வேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்து ஊருக்குச் சொல்வாய். "பாய் சொன்னா சரிதான்" என்று கேலரியும் தலையாட்டும். சொல்லி முடித்ததும் நான் மறுபடி உன் காதருகே வந்து, "ஆனாலும்..." என்று தொடங்குவேன். "ஏலே அப்பு, ஒரு முற்றுப்புள்ளி வையிலே. புள்ளி வைக்கக் காசா கேக்குறாய்ங்க?" என்பாய். என் சந்தேகங்கள் எதையும் நீ ஊருக்குச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, தெரியாததை என்னிடமே விட்டுவிடுவாய்.

போன வாரம் இந்த வருடத்தின் முதல் பயிற்சி ஆட்டம். கேரளப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அணி நம்மை நாலுக்கு ஒன்று என்று அடித்துவிட்டுப் போனது. கேலரியின் கோபம் முழுவதும் ஜெயசீலன் மேல். கோல் முன்னே நடுவில் நின்று தடுக்கும், உனக்குப் பிடித்த அதே ஸ்டாப்பர்தான். சாணார்பட்டிப் பக்கத்துப் பையன் என்று நீ எப்போதும் சொல்வாயே, அந்தப் பையனுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. முழங்காலில் ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறார். இந்த வருட ஒப்பந்தத்தில் அன்று வரை கையெழுத்தாகியிருக்கவில்லை. இங்கே இல்லையென்றால் அந்த வயதில் வேறு அணி கூப்பிடாது. ஆட்டம் அவருக்குப் பிழைப்பு. நமக்குத்தான் அது பொழுதுபோக்கு. இரண்டாம் பாதி தொடங்கிச் செத்த நேரத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். "பெருசு, போய் பென்சன் வாங்கு" என்று பின்படியிலிருந்து யாரோ கத்தினார்கள். கேலரி சிரித்தது.

டீக்கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் மெத்தையைச் சுருட்டினேன். கால் பழக்கத்தில் அங்கேயே கொண்டுபோய் விட்டது. நீ உட்காரும் பெஞ்சில் என் இடப்பக்கம் இரும்புக்கடை முத்தையா உட்கார்ந்திருந்தார். குரலுக்கு மைக் தேவைப்படாத அந்த முத்தையாதான். எதிரே சுவரோரக் குழாயடியில், துண்டில் பனிக்கட்டி சுற்றி முழங்காலில் வைத்தபடி ஜெயசீலன் நின்றிருந்தார். பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும் தூரம்.

செயலாளர் ஒட்டன்சத்திரத்துக்காரர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஜெயசீலனுக்குக் கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு இந்த வாரத்துக்குள்ள சொல்லோணுங்க. நீங்கெல்லாம் என்ன நெனைக்கிறீங்க?"

"நெனைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார் முத்தையா. "மூணாவது கோலு அந்த ஆளு காலுக்கு நடுவுல போகுது. பஸ்ஸே போகும் போல, அம்புட்டு எடம்."

"ஏனுங்க சார், நீங்க அந்த கோலப் பாத்தீங்களா?" செயலாளர் என்னைக் கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். "இல்லைங்க. பாக்கல."

"ரெண்டாவது?"

"அதுவும் பாக்கல."

டீக்கடை குலுங்கிச் சிரித்தது. "சாரு மேட்ச் பாக்க வந்தாரா, மேகம் பாக்க வந்தாரா?" என்றார் முத்தையா. ஜெயசீலனும் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் பார்த்தது வேறு. சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த நேரத்தில் என்னை அறியாமல் ஒன்று நடந்தது. எப்போதும் போல இடப்பக்கம் சாய்ந்து, எப்போதும் போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பார்த்ததைக் காதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். அது முத்தையாவின் காது. அவர் சிறிது நேரம் அசையாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்திலிருந்த கேலி போய்விட்டிருந்தது.

"சார், நான் பாய் இல்ல," என்றார் மெதுவாக. அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "நான் சொன்னா தப்பாச் சொல்லிப்புடுவேன். நீங்களே சத்தமாச் சொல்லுங்க."

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"அவரு லேட்டாத்தான் வந்தாரு. ஆனா எங்கருந்து வந்தாருன்னு பாக்கணும். எடது ஓரத்தக் காக்கப் புதுசா எடுத்த லெஃப்ட் பேக் பையன் முன்னாடி ஓடுறது நல்லாத்தான் இருக்கு. ஓடினா திரும்பி வர்றதில்ல. அந்த எடத்தையும் இவருதான் போய் அடைக்கிறாரு. அடைச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள நடுவுல பந்து வந்துருது. இவரு மெதுவா ஓடல. ரெண்டு பேரு ஓட்டத்த ஒத்தையா ஓடுறாரு."

"கடைசி கோலு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது இவர வெளிய எடுத்தப்பறம். லெஃப்ட் சைடு தெறந்து கெடந்துச்சு. அடைக்கப் போக ஆளில்ல. பந்து யாரு காலுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆளில்லங்கிறது தெரியும்."

செயலாளர் டீயைக் கீழே வைத்தார். "அப்ப இந்த சீசன் எப்படிங்க போகும்?"

"லெஃப்ட் சைட அடக்கி ஆட வச்சு, இவரையும் வச்சுக்கிட்டா லீக் பட்டியல்ல மேல் பாதியில முடிப்போம். கப்பெல்லாம் வராது. முன்னாடி கோல் அடிக்க நமக்கு இன்னும் ஆளு பத்தாது. இவர அனுப்பிட்டா ஐப்பசி மழைக்கு முன்னாடியே அடியில கெடப்போம்."

"ஆனாலும்" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவசரமாக டீயை வாயில் ஊற்றிக்கொண்டேன். சூடு. நாக்கு பொத்துப்போனது. அந்த வார்த்தை வரவில்லை.

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் "பாக்கலாங்க" என்று எழுந்தார். ஜெயசீலன் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, நொண்டாமல் நடக்க முயன்றபடி போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நிம்மதி இல்லை. நான் ஆட்டத்தில் பாதியைத்தானே பார்த்தேன்? காலுக்கு நடுவே பந்து போனதற்கு உண்மையிலேயே அந்த முழங்கால்தான் காரணமோ என்னவோ. நீ இருந்திருந்தால் கால் மடங்கியதா, பந்து திரும்பியதா என்று சொல்லியிருப்பாய். குழாயடியில் நின்ற மனிதருக்காக இரங்கி, அந்த இரக்கத்தையே கணிப்பென்று நினைத்துச் சொல்லிவிட்டேனோ என்றும் தோன்றியது. மறுநாள் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள மருமகள் வைத்த வெஞ்சனம் என்னவென்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டேன். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துவைக்க எனக்கு எப்போதும் உன் காது தேவைப்பட்டது.

நேற்று இரண்டாவது பயிற்சி ஆட்டம். ஜெயசீலனை முழு ஆட்டமும் ஆடவிட்டுப் பார்ப்போம் என்று கோச் சொன்னதாக வாசலில் பேசிக்கொண்டார்கள். நான் மெத்தையை விரித்து என் ஓரத்தில் உட்கார்ந்தேன். முத்தையா வந்தார். உன் பாதியில் உட்காராமல் அதற்கு அப்பால் வெறும் படியில் உட்கார்ந்தார். சூட்டில் நெளிந்துகொண்டே, "சார், பந்த நான் பாத்துக்கிறேன். நீங்க உங்க சோலியப் பாருங்க" என்றார்.

"மெத்தையில வந்து உக்காருங்க" என்றேன்.

"பாய் எடம் சார்."

"அவரு இருந்தா உங்கள இழுத்து உக்கார வச்சிருப்பாரு."

உட்கார்ந்தார். நீ வேலை பார்த்ததில் கால்வாசிகூட அவரிடம் இல்லை. பந்து வெளியே போனாலும் கோல் போலவே கத்துகிறார். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நான்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. நானோ மைதானத்தில் நம் அணி காக்கும் பாதியை விட்டுக் கண் எடுக்கவில்லை. லெஃப்ட் பேக் முன்னே கிளம்பும்போதெல்லாம் ஜெயசீலன் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். பையன் பாதியில் நின்றான், திரும்பினான். சிறுமலைப் பக்கமிருந்து மழை வந்தது. ஓட வழியில்லாத மழை. முத்தையா சட்டென்று மெத்தையின் உன் பக்கத்தைத் தூக்கினார். என் பக்கத்தை நான் தூக்கினேன். இரண்டு பேர் தலைக்கும் அது சரியாக இருந்தது. தோலை நனைத்ததற்கு நீ எங்கள் இருவரையும் ஒரு வழி பண்ணியிருப்பாய்.

அந்த மழையில் கேலரி அலறியது. முத்தையா ஏதோ கத்தினார்; நம் கோல். நான் பார்க்கவில்லை. எல்லோரும் எதிர்முனைக்கு ஓடிக்கொண்டிருக்க, ஜெயசீலன் மட்டும் நம் பக்கத்தில் தனியாக நின்று, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். ஓடிப்போன லெஃப்ட் பேக்கின் காலி இடத்தைப் பார்த்தார். அங்கே நடந்துபோய் நின்றுகொண்டார். கொண்டாட்டம் முடிந்து பையன் திரும்பி வரும்வரை அந்த இடத்தைக் காத்தார். மைதானத்தில் அதை எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. நான் பார்த்தேன். உடனே இடப்பக்கம் சாய்ந்தேன். முத்தையா காதைக் கொடுத்தார். ஆனால் மழைச் சத்தத்தில் காதில் சொன்னால் கேட்காது. கத்தித்தான் சொன்னேன். முன்படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. டீக்கடையில் செயலாளர், "ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சுங்க" என்றார். ஜெயசீலனின் முழங்கால் சீசன் பாதியில் மக்கர் செய்தால் என்னைத்தான் பிடிப்பேன் என்று முத்தையா இப்போதே சொல்லிவைத்துவிட்டார். பிடிக்கட்டும்.

மெத்தை இன்னும் முழுக்கக் காயவில்லை. அடுத்த வாரம் முதல் லீக் ஆட்டம். அதற்குள் எண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவேன், நீ செய்வதுபோல. பந்தைப் பார்க்க இந்த வயதில் இனி எனக்கு வராது, பார்க்கவும் விருப்பமில்லை. அது உன் பக்கம். அணியைப் பற்றி நீ கேட்டிருந்தால் எழுதியிருக்கக்கூடிய சந்தேகங்கள் ஒரு பக்கத்துக்கு இருக்கின்றன. அவற்றை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். உனக்குச் சொல்வது இதுதான்: ஜெயசீலன் இருக்கிறார், மேல் பாதியில் முடிப்போம். முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன்.