குளிர் அறையிலிருந்து வந்த எலிகள்

என் பாசமுள்ள அண்ணே,

நான் இன்னமும் எலிகளோடுதான் இருக்கிறேன். கறம்பக்குடியில் நான் பஸ் ஏறும்போதெல்லாம் "எலி டாக்டர் கெளம்பியாச்சு" என்று கிண்டல் செய்வாயே, அதே வேலை. புதுக்கோட்டையில் எங்கள் ஆய்வகத்தில் இப்போது, எலிகள் எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்கிறோம்.

எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. சூடு ஏறினால் வாலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து, அந்த வழியே வெப்பம் வெளியேறும். அது போதாவிட்டால் எச்சிலை உடம்பெல்லாம் நக்கிப் பூசிக்கொள்ளும். சில வாரம் மெல்ல மெல்லச் சூட்டில் பழகியவை தாக்குப்பிடிக்கின்றன. குளிர் அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தவை சீக்கிரமே துவண்டு போகின்றன. உடல் வெப்பம் வரம்பைத் தொட்டதும் வெளியே எடுத்துவிடுவோம்.

நீ துபாயிலிருந்து லீவில் வந்த மறுநாளே முந்திரித் தோப்புக்குப் போனாய். "பாலைவன வெயில்ல நின்ன பய, அவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று ஊரே சொன்னது. நீயும் சிரித்தாய். அன்றைக்கு உச்சி வெயிலில் தோப்பிலேயே சுருண்டு விழுந்தவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அங்கே நீ வேலை பார்த்தது மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் என்பதே, நீ போன பிறகு உன் ரூம் நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் அண்ணே மறைத்தாய்? அம்மா கவலைப்படும் என்றா?

இப்போது தம்பி லீவில் வருகிறான். அவனுக்கும் துபாயில் ஏசி போட்ட கடைக்குள்ளேதான் வேலை. நேற்று அப்பா போனில் அவனிடம், "வந்த ஒடனே தோப்புக்கு வந்துருப்பா, கொட்ட பொறுக்க ஆளு கெடைக்கல" என்றார். அவனைத் தடுக்க வேண்டுமென்றால் நீ எதனால் போனாய் என்று அப்பாவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் அதுவரை மாரடைப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு உன்னைத் தோப்புக்குக் கூப்பிட்டதும் அவர்தான்.

எலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நாந்தான் அவனக் கொன்னுட்டனா ஆத்தா?"

அழுதுவிட்டேன். "நம்ம யாருக்குமே தெரியாதுப்பா. அண்ணன் ஒரு வார்த்த சொல்லலையே" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பிக்கு அவரே போன் போட்டார். "நீ வந்து நெழல்லயே இருடா. கொட்ட கெடந்து வீணாப் போனாப் போகட்டும்."

தம்பியைப் பதமாகத்தான் வெயிலுக்குப் பழக்குவேன். முதல் நாள் காலையில் கொஞ்ச நேரம், நானும் கூடவே நிற்பேன். அப்பா அந்தக் கேள்வியை இன்னொரு பிள்ளைக்காகக் கேட்க விடமாட்டேன் அண்ணே.

உன் கூடப் பிறந்த,
மலர்