முழு டிஸ்க்கையும் அழிக்கவா?

வெள்ளிக்கிழமை, ஆம்பூர்.

இன்று தொழிற்சாலைக்கு வார விடுமுறை. வெள்ளி என்றால் வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தால்தான் எனக்குப் பொழுது போகும். காலையிலும் ஏற்றினேன். முழு டிஸ்க்கையும் அழிக்கவா என்று கேட்டது. வழக்கம்போல் யோசிக்காமல் ஆமாம் கொடுத்தேன். என்னுடையதெல்லாம் வேறு டிஸ்க்கில் இருக்கிறது.

சாயங்காலம் எதிர் வீட்டு நஸ்ரீன் அக்கா வந்தார். ஷூ கம்பெனிகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பவர்.

"லேப்டாப் கீழ விழுந்துடுச்சு தம்பி. டிஸ்க்கே போச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை டிசைன் குடுக்கணும், ஒரே பேஜாரு. நல்லவேளை, போன ஞாயித்துக்கிழமை உன் கம்ப்யூட்டர்ல காப்பி போட்டு வச்ச. இருக்குது இல்ல?"

"இருக்குதுக்கா. நாளைக்கு பென்டிரைவ்ல தர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காலையில் அழித்த டிஸ்க்கில்தான் அது இருந்தது. அந்தக் காப்பியை வற்புறுத்திப் போட்டதே நான்தான். காப்பி இல்லாமல் யாராவது வேலை செய்வார்களா என்று அரைமணி நேரம் அவருக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

ஏழு மணியிலிருந்து, அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கிடைக்கும் ஃபைல்களுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். இதுவரை திறந்த எல்லாவற்றிலும் பாதி ஷூதான் இருக்கிறது. படத்தின் மீதி வெறும் சாம்பல் நிறம்.

எதிர் வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. மற்ற நாட்களில் இந்நேரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். இன்று நிம்மதியாகப் படுத்துவிட்டார்.